முயலின் சம்மதம்

"நான் வேண்டாம்னு சொன்னா நீ வருத்தப்படுவியா, அக்கா?" என்று அந்த முயல் ஒருநாள் பியூலாவிடம் கேட்டது.

பிராணிகளின் சம்மதம் இல்லாமல் மருந்தைச் சோதிக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, ஆய்வுக்கூடத்தின் கூண்டு முயல்களுக்கெல்லாம் பேசும் கழுத்துப்பட்டை போட்டிருந்தார்கள். தினமும் சம்மதம் கேட்பது பியூலாவின் வேலை. மறுத்தவை சரணாலயத்துக்குப் போய்விட்டன. இது மட்டும் அவளுக்காகச் சரி சரியென்று சொல்லியே ஒரு கண்ணை இழந்திருந்தது. வீட்டுக்குத் திரும்பினால் அவளுக்குப் பேச்சுத்துணை கிடையாது.

"படமாட்டேன். இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிரு," என்றாள்.

"அப்புறம் யார்கூடப் பேசுவ?"

"டிவி இருக்குல்லா."

"நீ சொல்றத அது கேக்குமா?"

பியூலா அன்றைய சம்மதக் கேள்வியைக் கேட்டாள். முயல் வேண்டாம் என்றது.

சரணாலய வாசலில் பட்டையைக் கழற்றிவிட்டு, அது ஏதாவது சொல்லுமென்று பழக்கத்தில் காத்து நின்றாள். முயல் ஒரு வார்த்தையும் சொல்லாமல் புல்லுக்குள் போய்விட்டது.