பரம்பரைக் காது

1994-ல் ஒரு நாள். மங்கலம் ஊரில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. தேசியக் குடும்ப நல, மரபணு ஆய்வுக்காக வீடு வீடாகப் போகும் சைதுன்னிசா, படிவத்தால் விசிறிக்கொண்டே கேட்டாள்.

“ஊட்டுல யாருக்கெல்லாம் காது கேக்கறதில்லீங்க?”

“மாமனாருக்குச் சுத்தமா கேக்காதுங்க. எங்கூட்டுக்காரருக்குப் பாதிதான். நாத்தனாளுக்கும் இப்ப மந்தமுங்க” என்றாள் மருமகள் துளசிமணி. மூவரும் வெளியே வேப்பமர நிழலில் படுத்திருந்தார்கள்.

அப்பா, மகன், மகள்! மூன்று மாதம் அலைந்ததற்கு இன்றுதான் இப்படி ஒரு குடும்பம் சிக்கியது. சைதுன்னிசா ‘பரம்பரை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாள்.

துளசிமணி தன் ஏழு மாத வயிற்றைத் தடவினாள். “ஏனுங்க, இதுக்கும் வருமுங்களா?”

“ரத்தத்துல இருந்தா வரலாமுங்க.”

துளசிமணியின் கண் கலங்கியது.

அப்போது கரண்ட் வந்தது. வேப்பமரத்தடியில் படுத்திருந்த மூவரும் எழுந்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குள் போனார்கள். எட்டு விசைத்தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. சைதுன்னிசாவின் கையிலிருந்த பேனா வரை அதிர்ந்தது.

“எத்தன வருசமா ஓட்டறாங்க?” என்று கத்தினாள்.

துளசிமணி அவள் காதருகே குனிந்தாள். “மாமனாரு முப்பது வருசமுங்க! ரெண்டு தறி என்னுதுங்க, வந்தர்றேன்!” சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சைதுன்னிசா ‘பரம்பரை’யை அடித்தாள். பின்னாலேயே போய், “கொழந்தைக்கு வராதுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

தறிகளுக்கு நடுவே நின்ற துளசிமணி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்டாள்.

“என்னங்க?”