மாதம்மாளின் சர்க்கரை

“ஏனுங் நர்சம்மா, எங்கக்கா மாதம்மாளுக்குச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திப்போட்டு...”

“டாக்டர்தாம்மா நிறுத்தச் சொன்னார். மாசாமாசம் விரல்ல குத்திப் பாத்தோம், சர்க்கரையே இல்ல...”

“இல்லாமத்தான் கால் கருகிப்போச்சுங்களா? முழங்காலோட எடுக்கோணுங்கறாங்களே!”

சின்னத்தாயி போட்ட சத்தத்தில் நாகலூர் பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. மாதாமாதம் வரும் மருத்துவ வேனுக்குப் பின்னால், சேலத்துக்குக் கிளம்பத் தயாராக ஆம்புலன்ஸ் நின்றது. அதற்குள் அவள் அக்கா மாதம்மாள் கம்பளிக்குள் முனகிக்கொண்டிருந்தாள்.

அதுவரை நோட்டில் மாதம்மாளின் பக்கத்தையே பார்த்துப் பேசிய நர்ஸ் ஆசியா, நிமிர்ந்து ஆம்புலன்சுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இது யாரு?”

“நல்லாக் கேட்டீங்க போங்க! மாதம்மாளுங்க, எங்கக்கா!”

ஆசியா சின்னத்தாயியின் பக்கம் திரும்பினாள். “மாதம்மாள்னு கூப்பிட்டா வந்து விரலை நீட்டுறது நீங்கதானே?”

“நானேதானுங்க. அவ காப்பிப்பழம் பறிக்க எஸ்டேட்டுக்குப் போயிருவா. ரேஷன் அரிசி வாங்கற மாதிரி, ஊட்டுக்கு ஒருத்தர் வந்தாப் போதும்னு...”

“அப்ப நாங்க பாத்ததெல்லாம் உங்க ரத்தம்மா.”

சின்னத்தாயி தன் விரலைப் பார்த்தாள்.

ஆம்புலன்சுக்குள்ளிருந்து மாதம்மாளின் குரல் மெல்ல வந்தது.

“சின்னத்தாயி, எனக்குச் சர்க்கரை சுத்தமாப் போயிருச்சுன்னு சொல்லிக் கோயில்ல பொங்கல் வெச்சியே கண்ணு... பின்ன எதுக்குக் காலை எடுக்கறாங்க?”