முதல் கைநாட்டு

தோல் பதனிடும் ஷாப்பில் சங்கம் வைத்த வருடம், ஞாயிற்றுக்கிழமை விடுப்பு கேட்டு எழுதிய மனுவில் முன்னூறு பேரும் வட்டமாகக் கைநாட்டு வைத்தார்கள். வட்டத்தில் முதல் ஆள் யாரென்று தெரியாது. சுண்ணாம்புக் குழி தின்ற கட்டைவிரல்களில் ரேகையும் கிடையாது. "இதுல எவன்டா தலைவன்?" என்று தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த மேனேஜர், கடைசியில் விடுப்பு கொடுத்தார்.

பிறகு சிலரை மேஸ்திரி ஆக்கினார்கள், சிலரை வெளியே தள்ளினார்கள். பலரை இருமல் கொண்டுபோயிற்று. வருடத்துக்கு வருடம் வட்டம் சிறுத்தது. ஆசீர்வாதம் ஒருவர்தான் மிச்சம்.

ஞாயிறு விடுப்பு ரத்து என்று அறிவிப்பு ஒட்டிய அன்று அவர் ஒரு மனு எழுதி வாங்கினார். செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்களுக்காகத் தன் விரலையே வட்டமாக வைத்தார். தன்னுடையதை மேனேஜர் எதிரில் வைக்க ஓர் இடம் விட்டிருந்தார்.

மேனேஜர் தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இன்னும் இத்தனை பேரு இருக்கீங்களா?"

"என்னோடது பாக்கி சார். குடுங்க, வச்சுடறேன்."

தாளை வாங்கினார். விட்டிருந்த இடத்தில் ஒரு கைநாட்டு இருந்தது. அதில் மட்டும் மை இன்னும் காயவில்லை.