திரி

கார் இன்ஜின் பாகங்களைப் பெட்ரோலில் கழுவிக் கொடுப்பது தணிகாசலத்தின் வேலை. வீட்டிலேயேதான் கழுவுவார். அழுக்குப் பெட்ரோலை ஒருமுறை கொல்லையில் கொட்டியதில் தெருவுக்கே போர்வெல் தண்ணீர் நாறிப்போனது. அதன்பின் ஒரு சொட்டும் கொட்டவில்லை. எங்கே கொட்டுவதென்று யாருக்கும் தெரியவில்லை. கேன் கேனாக வீட்டுக்குள் சேர்ந்தது. அடுப்பு மொட்டை மாடிக்குப் போனது. சாமி மாடத்தில் இனி விளக்கேற்றக்கூடாது என்று மனைவி விசாலத்திடம் சொன்னார். ஒன்பது வருடம் ஆயிற்று.

இன்று மத்தியானம் விசாலம் இறந்துபோனாள்.

"தலமாட்டுல வெளக்கேத்தணும்ணே. தீப்பெட்டி எங்க?" என்றாள் பக்கத்து வீட்டுக் கோமதி.

"இங்க நெருப்பு ஆகாதும்மா. ஏத்தாம சும்மா வைப்போம்."

மாடத்திலிருந்து விளக்கை எடுத்தார். எண்ணெய் தளும்பியது. உள்ளே புதுத் திரி.

"அண்ணி தெனம் சாயங்காலம் எண்ணெ ஊத்தி, திரி போட்டு, ஏத்தாமலே கும்புடுவாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

தணிகாசலம் விளக்கை விசாலத்தின் தலைமாட்டில் வைத்து, எண்ணெயில் அமிழ்ந்திருந்த திரியை விரலால் மேலே இழுத்துவிட்டார். காலையில் கழுவிய பாகங்களின் கிரீஸ் விரலில் இருந்தது. வெகுநேரம் எரிந்து அணைந்ததுபோல் திரியின் நுனி கறுத்தது.