சிங்காரவேலரின் எச்சில்

ஆவடியில் குழாய் திறக்க வேண்டுமென்றால் அதன் வாயில் எச்சில் துப்பித்தான் ஆகவேண்டும். அப்பன்வழியில் யார் முதலில் இந்த மண்ணுக்கு வந்தார்களோ, அவர்களுக்கே முதல் தண்ணீர். சிங்காரவேலரின் வம்சமோ, கடலும் கரையும் பாகம் பிரித்துக்கொண்ட அன்றே வந்து துண்டு போட்டு இடம் பிடித்த வம்சம்! அவர் ஒரு துளி துப்பினால் குழாய் குற்றாலமாகக் கொட்டும். அவர் வீட்டு மாப்பிள்ளை துப்பினால் குழாயில் இருமல் சத்தம்தான் வரும்.

"பாவம், நேத்து வந்த குடும்பம். மூவாயிரம் வருஷம்கூட ஆகலை" என்று சிரிப்பார் அவர்.

எச்சிலில் இருக்கும் அந்த வம்ச அடையாளம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். அவருக்கோ ஒரே மகள், பூங்கோதை. அவரோடு தண்ணீரும் முடிந்தது.

பங்குனியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியதும் வீடே கலங்கிப்போனது. பூங்கோதை அப்பாவை விட்டு நகரவில்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்க் கீற்றை மூக்குக்கு நேரே நீட்டுவாள். தின்ன மட்டும் தரமாட்டாள். "நல்லாத் துப்புங்கப்பா, சளி வெளிய போகட்டும்" என்று கிண்ணம் பிடிப்பாள். மகளின் பாசத்தில் கிழவர் உருகிப்போனார்.

ஒரு மத்தியானம் அந்த மாங்காயைத் திருடித் தின்ன ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஃப்ரீசர் முழுக்கக் குட்டிக் குட்டிப் புட்டிகள். எல்லாவற்றிலும் அவர் பெயர்.

"என்னம்மா இது?"

பின்னால் வந்து நின்ற பூங்கோதை ஃப்ரிட்ஜை மெதுவாகச் சாத்தினாள்.

"பேரன் கல்யாணம் வரைக்கும் தாங்கும்ப்பா. இனிமே நீங்க மருந்தெல்லாம் குடிச்சுக் கஷ்டப்பட வேணாம்."