லுக்காயாவில் நிற்க வேண்டாம்

"அடுத்த வாரம் அப்பாவுக்குக் கருமாதி. இப்பப் போய் ஏரி பார்க்கணும்ங்கறீங்களே, ஊர் என்னம்மா சொல்லும்?"

தங்கையோடு தோட்டத்திலிருந்து வந்த கசோசி, தோளில் கிடந்த கயிற்றைச் சுவரோரம் போட்டுவிட்டுக் கேட்டான்.

"ஊர் சொல்றதைச் சொல்லிட்டுப் போகட்டும். ஒரே ஒரு நாள்டா. மசாக்கா ரோட்டுல போகணும், அங்கங்கே இறங்கிக் காத்தாட நிக்கணும், ஏரியைப் பார்த்துட்டுத் திரும்பணும். கூட்டிட்டுப் போறேன் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியே உங்கப்பா போய்ச் சேர்ந்துட்டாரு."

கசோசி மனசுக்குள் வழியை ஓட்டிப் பார்த்தான். மசாக்கா ரோடு என்றால் நடுவில் லுக்காயா வருமே!

லுக்காயாவில் வண்டி நின்றால் போதும், சுட்ட கோழியைக் குச்சியில் குத்தி எடுத்துக்கொண்டு பெண்கள் ஜன்னலுக்கு ஓடி வருவார்கள். அவர்களில் ஒருத்தி ப்ராஸி. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அவளிடம் ஒரு மகள் உண்டு. அடக்கத்தன்று அந்தக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவளை, வாழைத்தோட்டத்து ஓரத்திலேயே மறித்துத் திருப்பி அனுப்பியவன் கசோசிதான்.

அம்மா பாவம். காலமெல்லாம் அந்த மனுஷனை நம்பிக் கிடந்தவள். இந்த வயதில் இது தெரிந்தால் மனசு விட்டுப்போகும். அவள் காதுக்கு எட்டவே கூடாது என்று அன்றைக்கே அவன் முடிவு கட்டிவிட்டான்.

"சரி, போவோம். எங்கே எங்கே நிக்கிறதுன்னு நான் முடிவு பண்றேன்" என்றான். "முதல்ல ம்பாம்பிரே. மேளம் செய்யறதைப் பார்க்கலாம். அப்புறம் கயாப்வே. பூமத்திய ரேகைக் கோட்டுல நின்னு ஒரு போட்டோ. அதுக்கப்புறம் நேரா ஏரிதான்."

"லுக்காயா?"

"அங்கே என்னம்மா இருக்கு? சேறும் கூச்சலும். சாப்பாட்டை வீட்டுலேருந்தே கட்டிட்டுப் போயிடுவோம்."

அம்மா தலையை ஆட்டினாள். கிளம்புகிற அன்று வாழைக்காய் மசியலும் நிலக்கடலைக் குழம்பும் இலையில் பொதிந்து கட்டினாள். கூடவே ஒரு பையையும் எடுத்துக்கொண்டாள். அதை மடியை விட்டு இறக்கவில்லை.

புறப்பட்டதிலிருந்தே தூறல். வானம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. வண்டியில் கசோசியும் அம்மாவும் மட்டும்தான்.

ம்பாம்பிரேயில் அம்மா மேளக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். கயாப்வேயில் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்றாள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா."

"எதை நினைச்சு?" என்றாள்.

அவன் சட்டென்று போட்டோ எடுத்து முடித்தான்.

வண்டி கிளம்பியதும், "பசிக்குதுடா" என்றாள்.

"ஏரிக்கரைக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரிச்சுக்கலாம்."

"எந்தப் பொட்டலத்தை? அதை மேளக்காரங்களுக்குக் குடுத்துட்டேனே. பாவம், காலையிலேருந்து பட்டினியாம்."

"மொத்தத்தையுமா?"

"பின்னே? அரை வயித்துக்குப் போட்டு அனுப்பறது நம்ம வீட்டு வழக்கமா?"

லுக்காயா வந்தது. கசோசி வேகத்தைக் கூட்டினான்.

"நிறுத்து" என்றாள் அம்மா.

சின்ன வயதில் அவனை அடக்கி வைத்த அதே குரல். கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

"கோழி! சூடான கோழி! சுட்ட வாழை!" என்று ஜன்னலை மொய்த்தார்கள். அம்மா யாரிடமும் வாங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கடைசி அடுப்பைப் பார்த்து நடந்தாள். கசோசி பதறியடித்துப் பின்னால் ஓடினான்.

அவளைக் கண்டதும் ப்ராஸி கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தாள். சேறென்றும் பார்க்காமல் மண்டியிட்டாள். "அக்கா..." என்றாள்.

"எழுந்திரு. இத்தனை வருஷமா நீ சுட்ட கோழியைத்தான் அந்த மனுஷன் வீட்டுக்குக் கொண்டுவந்தாரு. ஒரே கை, ஒரே உப்பு. எனக்குத் தெரியாமலா இருக்கும்? அடக்கத்தன்னிக்கு நீ திரும்பிப் போனதையும் பார்த்தேன். அன்னிக்கு எழுந்து வந்து கூப்பிட எனக்கு மனசு வரலை. அது என் தப்பு."

தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சிறுமி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் அதே அகன்ற நெற்றி.

அம்மா பையிலிருந்து மரப்பட்டைத் துணியை எடுத்தாள். செத்தவரின் பிள்ளைகள் கருமாதியன்று இடுப்பில் கட்டிக்கொள்வது. கசோசிக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று வீட்டில் தயாராக இருந்தன. இது மூன்றாவது.

"சனிக்கிழமை இதைக் கட்டி இவளைக் கூட்டிட்டு வா. குலத்துப் பெரியவங்க முன்னாடி அன்னிக்கு வந்து நிக்கலைன்னா, இவ அவர் பிள்ளை இல்லைன்னு ஆயிடும். யாராவது மறிச்சா, நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

கசோசி முதல் ஆளாக வண்டிக்குத் திரும்பி நடந்தான்.

வண்டியில் ஏறியதும் அம்மா, "வீட்டுக்குத் திருப்பு. ஏரி எங்கேயும் ஓடிடாது" என்றாள்.

"அம்மா... உங்க மனசு தாங்காதேன்னுதாம்மா மறைச்சேன். சத்தியமா, வேற எதுக்கு?"

அம்மா காலியான பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீயும் உன் தங்கச்சியும் கயிறு பிடிச்சுத் தோட்டத்தை அளந்தீங்களே, அதையும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். நிஜத்தைச் சொல்லுடா. என் மனசு ரெண்டா உடைஞ்சிடும்னு பயந்தியா, இல்லை, தோட்டம் மூணா உடைஞ்சிடும்னு பயந்தியா?"