குரலின் புதிய பதிப்பு

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி ஏலம் கூறிக்கொண்டிருந்த மாசிலாமணியின் குரல் பாதியில் நின்றுபோனது. புற்றுநோயில் குரல்வளையை இழந்தவர் அவர். தொண்டையின் அசைவைப் பேச்சாக்கும் போன் செயலியை மனைவி இளவரசிதான் எழுதியிருந்தாள். ஒரே நிரல் எல்லா வகைப் போனிலும் ஓடும். அன்று காலை போன் நிறுவனம் தன் இயங்குதளத்தை மாற்றி, அப்படிப்பட்ட நிரல்களை மொத்தமாக வெளியே தள்ளியிருந்தது.

இளவரசி உதவி மையத்தை அழைத்தாள்.

"இது முன்னேற்றம், மேடம். எங்க நிரல் மொழியில மறுபடி எழுதிக் குடுங்க."

"அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் எப்படிப் பேசுவாரு?"

"புதுசா நாற்பது எமோஜி வந்திருக்கு, மேடம். அதுல பேசலாமே."

முதல் வரியிலிருந்து அவள் திரும்ப எழுதினாள். அதற்குள் ஏலத்துக்கு வேறு ஆளை வைத்துவிட்டார்கள். மாசிலாமணி சுவரைப் பார்த்தபடி வீட்டிலேயே கிடந்தார்.

பன்னிரண்டாம் நாள் குரல் திரும்பியது. அவர் வாயைத் திறப்பதற்குள் போன் கேட்டது: "எங்கள் புதிய பதிப்பு பிடித்திருக்கிறதா? உங்கள் குரலிலேயே சொல்லுங்கள்."

இருபது வருடத்தில் அவர் கெட்ட வார்த்தை பேசி இளவரசி கேட்டதில்லை. இப்போது மூச்சு விடாமல் ஆரம்பித்தார்.

அவள் போனை அவர் வாயருகே நகர்த்தினாள்.

"நிறுத்திடாதீங்க. பதிவாகுது."